கிறிஸ்மஸ் வாரத்து முதல் பாட்டு

பென்டில் ஹில்
9 மார்ச் 2024

அன்புள்ள தம்பி பாலனுக்கு,

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அத்தானின் சுகர் ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. அவர் மட்டும் ஏறாமல் இறங்காமல் அதே கதிரையில் இருக்கிறார். உன் வீட்டுக்காரி தாட்சாவின் முழங்கால் நோ எப்படி?

போன் இருக்க ஏன் இந்த அக்கா நீட்டி முழக்கி எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டுச் சுவர் வெறும் மட்டை. அடுத்த அறையில் வர்ஷா இருக்கிறாள். என் குரல் உனக்குத் தெரியும், குசுகுசுத்தாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

விஷயம் அந்தப் பாட்டு. ஜனவரி லீவில் உன் கராஜில் என் மகளும் உன் மகனும் சேர்ந்து செய்ததே, அது. சொல்லும் மெட்டும் வர்ஷாவுடையவை, கிற்றார் கீர்த்தனன், இருவரும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். முழுக்க இங்கிலிஷ், நடுவில் மட்டும் ‘போட்டு வாறன்’ என்று விடைபெறும் எங்கள் பேச்சு. அதையே தலைப்பாகவும் வைத்து, இரண்டு பெயரையும் போட்டு இணையத்தில் விடப்போகிறார்களாம்.

ரயிலடியில் ஒரு ஆளை வழியனுப்பும் காதல் பாட்டு. பாடுவது மச்சானும் மச்சாளும், கட்டும் முறை உள்ளவர்கள். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அது கலியாணக் கார்ட் இல்லாமல் வேறென்ன? இராஜேஸ்வரி அன்ரி ஒரு ஆள் போதும், ஹோம்புஷ் தொடக்கம் உன் கிளேட்டன் வரை நாள் குறித்துவிடுவா. வர்ஷாவுக்கு இருபத்திரண்டு வயது. நாளைக்கு ஒரு இடத்தில் பேசப்போனால் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கீர்த்தனன் ஆண்பிள்ளை, அவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் தனியே பாடி, அவன் பெயரில் மட்டும் விடட்டும். நீ சொன்னால் கேட்பான். செய்வாய்தானே?

அன்புடன்,
அக்கா சிவனேஸ்வரி


கிளேட்டன், மெல்பேர்ன்
17 மார்ச் 2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு முதலில் பயந்தேன், அத்தானுக்கு ஏதோ என்று. சுகம் என்று வாசித்தபின்தான் மூச்சு வந்தது. தாட்சாவுக்கு நோ பரவாயில்லை. இங்கே தக்காளி கடைசிக் காய் காய்க்கிறது.

கீர்த்தனனுடன் கதைத்தேன். “அப்பா, இது வர்ஷான்ரை பாட்டு. நான் கிற்றார் அடிச்சது மட்டும்தான். என்ரை பேரை மட்டும் போட்டா நான் கள்ளன்” என்று நின்றான். நானும் அக்கா சொல்லிவிட்டா என்று நின்றேன். கடைசியில் அவன் வர்ஷாவுக்கே போன் போட்டான். “அம்மாவோடை என்னாலை மல்லுக்கட்டேலாது, நீயே போடு. ஆர் பாடினாலும் பாட்டு வெளியிலை வந்தா சரி” என்றாளாம்.

அவளின் குரலை எடுத்துவிட்டுத் தனியே பாடி நேற்று விட்டிருக்கிறான். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை அக்கா. ஆனால் உங்கள் பேச்சை நான் எப்போது தட்டினேன்?

உங்கள் அன்புத் தம்பி,
சிவபாலன்


பென்டில் ஹில்
2 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே குளிர் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள், நெஞ்சை மூடிக்கொண்டு திரி. நாங்கள் நலம்.

ஒரு புதினம் சொல்லவேண்டும். வர்ஷா தொலைக்காட்சியில் நடக்கும் பெரிய பாட்டுப் போட்டிக்கு விண்ணப்பம் போட்டாள். எடுபட்டுவிட்டாள்! நானும் கூடப் போயிருந்தேன். தயாரிப்பாளர் பெண் சிரித்த முகம், எல்லாம் விசாரித்தாள். “வர்ஷா பாட்டு எழுதியிருக்கிறாளா? எங்கேயாவது வெளியிட்டிருக்கிறாளா?” என்று கேட்டாள். வர்ஷா வாயைத் திறக்க முன்னம் நான் முந்திக்கொண்டேன். “நோ, நோ. கோயிலில் தேவாரம் மட்டும்” என்றேன். பிள்ளை என்னைப் பார்த்த பார்வை! ஆனால் நான் வேறென்ன சொல்ல? ‘எழுதினாள், மச்சானின் பெயரில் இருக்கிறது’ என்று சொன்னால், அதை நாடு முழுக்கக் காட்டுவார்களே.

அந்தப் பெண்ணுக்கு என் பதில் நன்றாகப் பிடித்துவிட்டது. தன் திறமை தனக்கே தெரியாத பிள்ளை என்று எழுதிக்கொண்டாள். சொந்தப் பாட்டு எதுவும் இல்லை என்று தாளிலும் அடித்து வர்ஷாவிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

தாட்சாவுக்கும் சொல்லு. கண் படும், இப்போதைக்கு வெளியே சொல்லவேண்டாம்.

அன்புடன்,
அக்கா


கிளேட்டன்
15 செப்டம்பர் 2024

அன்பின் அக்காவுக்கு,

அத்தானின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது அறிந்து சந்தோஷம். மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லுங்கள்.

நேற்றும் போட்டியைப் பார்த்தோம். வர்ஷா பாடி முடிக்க தாட்சா எழும்பி நின்று கை தட்டினாள், முழங்கால் நோவையும் மறந்து. என் ஆய்வுகூடத்தில் எல்லோரும் வாக்குப் போடுகிறார்கள். போடாதவர்களுக்கு வடை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் மனதுக்குச் சரியில்லை. ஒவ்வொரு கிழமையும் ‘சொந்தமாக ஒரு வரி எழுதத் தெரியாத, ஆனால் குரலால் உருக்கும் பெண்’ என்றே அறிமுகம் செய்கிறார்கள். கீர்த்தனன் கேட்டுவிட்டு ரிமோட்டைப் போட்டுவிட்டு எழும்பிப் போனான். இணையத்தில் விட்ட வர்ஷாவின் பாட்டை இப்போது ஒரு நூறு பேர் கேட்டிருப்பார்களாம். அதில் பாதி நான்தான்.

அன்புடன்,
பாலன்


பென்டில் ஹில்
24 நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் தாட்சாவும் அனுப்பிய பூங்கொத்து வந்தது. வீடு முழுக்கப் பூ, அத்தானுக்குத் தும்மல் நிற்கவில்லை. வென்ற அன்று நீ போனில் அழுததை நினைத்து இன்னும் சிரிக்கிறேன்.

ஆனால் வென்ற வீடு மாதிரி இல்லை பாலன். வென்றவள் பாடவேண்டிய பாட்டைக் கம்பனி முன்பே செய்து வைத்திருக்கிறது. யார் வென்றாலும் அதுதான் பாட்டு, குரல் மட்டும் மாறும். சிறகு, மலை, கனவு என்று ஏதோ வருகிறது. கிறிஸ்மஸ் வாரத்தில் நாட்டில் எந்தப் பாட்டு முதலாவது என்று பட்டியல் வருமாமே, அதைப் பிடிக்கத்தான் போட்டியையே நவம்பரில் முடிக்கிறார்களாம்.

வர்ஷா துணிந்து கேட்டாள், என் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடலாமா என்று. ‘சொந்தப் பாட்டா? இல்லை என்றல்லவா கையெழுத்து வைத்தாய்’ என்று அவர்களின் வழக்கறிஞர் முகம் மாறிக் கேட்டார். முன்பு வெளியிட்டது ஏதும் இருந்தால் பரிசும் போய் வழக்கும் வருமாம். சும்மா பகிடிக்குச் சொன்னேன் என்று சமாளித்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தாள்.

தம்பி, கீர்த்தனனிடம் சொல்லி வை. அந்தப் பாட்டு அவனுடையதாகவே இருக்கட்டும். ஒருவரும் கிளறவேண்டாம்.

அன்புடன்,
அக்கா


கிளேட்டன்
3 டிசம்பர் 2024

அன்பின் அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. கீரைக்கு வலை கட்டினேன், இரவில் மரத்தால் இறங்கிப் பொசம் வந்து தின்கிறது.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இங்கே காலை வானொலியில் ஒரு அறிவிப்பாளர் இருக்கிறார், வாய் நீளம். வருடா வருடம் தொலைக்காட்சிக் கம்பனிகள் கிறிஸ்மஸ் முதலிடத்தை விலைக்கு வாங்குகின்றன, இந்த முறை விடமாட்டேன் என்று சூளுரைத்திருக்கிறார். சொந்தமாக எழுதிய பாட்டு ஒன்றை எல்லோரும் சேர்ந்து மேலே ஏற்றுவோம் என்று தேடியிருக்கிறார். தேடிப் பிடித்தது எங்கள் பாட்டை.

கராஜில் செய்த பாட்டு என்பது அவருக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டது. ‘பொட்டு வாரன்’ என்று அவர் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. நேற்று கீர்த்தனனைக் கூப்பிட்டுக் கதைத்தார். அவன் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, எழுதியது யார் என்று சொல்லவில்லை. ஏழு நாளில் முப்பதாம் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இரண்டும் மச்சான் மச்சாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

பாலன்


பென்டில் ஹில்
9 டிசம்பர் 2024

தம்பிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அந்த வானொலி மனிதன் என் பிள்ளையை என்னவெல்லாம் சொல்கிறான் என்று கேட்டாயா? பொம்மையாம். கயிறு கட்டி ஆட்டுகிறார்களாம். ‘இந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வரி எழுத வருமா? கிளேட்டன் பெடியனைப் பாருங்கள், இதுதான் கலை’ என்கிறான். சனம் அதை எடுத்து எழுதுகிறது. ஒரு சின்னப் பெட்டை, வர்ஷாவைத் தொழிற்சாலையில் அடைத்த பெட்டி மாதிரிப் படம் கீறி இணையத்தில் போட்டிருக்கிறாள், அதற்கு ஆயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். அவர்கள் தூக்கிப் பிடிப்பதும் அவள் எழுதியது, அடிப்பதும் அவளை. நான் நடுவில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவர், நான் குளிப்பாட்டிவிடும் மனிதர், அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார். நல்ல பாட்டு என்று என்னிடமே சொல்கிறார்.

கிளறவேண்டாம் என்றது நான்தான். இப்போது கேட்கிறேன், கீர்த்தனன் ஒரு சொல் சொல்லட்டும். எழுதினது வர்ஷா என்று முழுவதும் சொல்லவேண்டாம், வழக்கு வரும். அவளும் எழுதக்கூடியவள், எனக்குத் தெரியும் என்றாவது சொல்லட்டும். அதனால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்?

அக்கா


பென்டில் ஹில்
15 டிசம்பர் 2024

தம்பி,

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. தாட்சா நீ தோட்டத்தில் என்கிறாள். இரவு பத்து மணிக்குமா தோட்டம்?

இன்று பட்டியலில் வர்ஷாவின் சிறகுப் பாட்டு இரண்டாவது, கீர்த்தனனின் பெயரில் உள்ளது மூன்றாவது. வர்ஷா கம்பனி சொன்ன கடைத்தொகுதி எல்லாம் போய்ச் சிறகுப் பாட்டைப் பாடிவிட்டு வந்து, அறைக்குள் மற்றதைக் கேட்கிறாள். எது வெல்லவேண்டும் பிள்ளை என்று கேட்டேன். “எது வெண்டாலும் தோக்கிறது நான் தானே அம்மா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சுகமோ சுகமில்லையோ, ஒரு வரி போடு.

அக்கா


கிளேட்டன்
23 டிசம்பர் 2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள். கொஞ்சம் சளி, தடிமன், காய்ச்சல், இப்போது சுகம். பொசத்துக்கு வேறு வலை போட்டேன்.

செய்தி பார்த்திருப்பீர்கள். முதலிடம். வீட்டு வாசலில் கமெராக்காரர் நின்றார்கள். கீர்த்தனனின் பாட்டைத் தெருப் பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது பாடுகிறார்கள்.

நீங்கள் கேட்டதை அவனிடம் சொன்னேன் அக்கா. சொல்லாமல் இல்லை. ஆனால் பத்தாம் திகதியே ஒரு இசை நிறுவனம் வந்து, எழுதியது, மெட்டுப் போட்டது எல்லாம் நானே என்று அவனிடம் கையெழுத்து வாங்கிவிட்டது. இனி வாயைத் திறந்தால் அவனுக்கும் வழக்கு. “மாமி கேட்டபடிதானே அப்பா செய்தனான். இப்ப மாத்தச் சொன்னா நான் என்ன செய்ய?” என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். என் பிள்ளையையும் பார்க்கவேண்டி இருக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். நேர்காணலில் அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று கேட்டார்கள். அகதியாய் வெளிக்கிட்ட நாளில் ரயிலேறிய தன் அப்பாவைப் பற்றி என்றான், அதாவது என்னைப் பற்றி. ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுகை வந்துவிட்டது.

வர்ஷாவுக்கு என் அன்பு. இரண்டாம் இடமும் சின்ன விஷயமில்லை.

பாலன்


பென்டில் ஹில்
19 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடி. அத்தான் சுகம், உன்னைக் கேட்டார்.

கடிதத்தில் நீ ‘கீர்த்தனனின் பாட்டு’ என்று எழுதியிருந்தாய். மார்ச்சில் உன் வீட்டில் அது வர்ஷாவின் பாட்டாக இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெயரைப் போடச் சொல்லி உன் கையைப் பிடித்துத் தள்ளினவள் நான், இப்போது எந்த வாயால் கேட்பேன்?

கம்பனிக்காரர் ஒரு யோசனை பிடித்திருக்கிறார்கள். தோற்றவள் வென்ற பாட்டைப் பாடினால் சனத்துக்குப் பிடிக்குமாம், சமாதானம் மாதிரி. வருகிற சனிக்கிழமை மெல்பேர்னில் நேரடி நிகழ்ச்சி. மாட்டேன் என்று சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு நானும் போனேன்.

பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள் இளம்பெண், நல்ல பிள்ளை. எனக்குத் தேநீர் போட்டுத் தந்தாள். வர்ஷா தாளைப் பார்க்காமலே பாடத் தொடங்கினாள். பாலன், நான் அந்தப் பாட்டை அவள் வாயால் முழுவதும் கேட்டது அன்றுதான். கடைசியில், ரயில் போய் மறைந்த பிறகும் நான் கை காட்டிக்கொண்டு நின்றேன் என்று ஒரு வரி பாடினாள். அந்தப் பெண் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

“அந்த வரி பிழை. ரயில் போக முன்னமே நான் திரும்பி நடந்தேன் என்றுதான் இருக்கிறது.”

புது ஒலிப்பதிவில் கீர்த்தனன் மாற்றியிருக்கிறான் போல.

“நான் பாடியதுதான் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன்” என்றாள் வர்ஷா.

“இருக்கலாம். ஆனால் எழுதியவர் அப்படி எழுதவில்லையே. அவர் மனதில் என்ன இருந்தது என்று யோசி. அவர் கோபத்தில் போகிறார். நீ ஏங்குகிறாய்.”

“ஏங்கக் கூடாதா?”

“இந்தப் பாட்டில் ஏக்கம் இல்லை, வர்ஷா.”

வர்ஷா என்னைப் பார்த்தாள். நான் கோப்பைக்குள் பார்த்தேன். “சொறி” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, தாளை எடுத்து வைத்துப் பாடினாள். மூன்றாம் தரம் சரியாக வந்துவிட்டது. அந்தப் பெண் கை தட்டினாள். நான் எழும்பிக் கத்தியிருக்கவேண்டும் தம்பி. கத்தினால் என் பிள்ளையும் போய், உன் பிள்ளையும் போகும். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

காரில் வரும்போது கேட்டேன், “பிள்ளை, உண்மையிலை அந்த ரயிலிலை போனது ஆர்?” என்று. ஒரு வருடமாக நான் கேட்காத கேள்வி.

“மாமா எண்டு கீர்த்தன் சொல்லிப்போட்டான் தானே. அப்ப மாமாதான்” என்றாள்.

நீங்கள் சனிக்கிழமை வருவீர்கள் என்று நினைக்கிறேன். முன் வரிசைக்குச் சீட்டு அனுப்புவார்களாம்.

அக்கா


கிளேட்டன்
27 ஜனவரி 2025

அன்பின் அக்காவுக்கு,

நலமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நிகழ்ச்சி முடிய உங்களைத் தேடி வரவில்லை, மன்னிக்கவேண்டும். சனம் நெருக்கியது. உண்மையைச் சொன்னால், வந்து உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. கார் நிறுத்திய இடத்திலேயே அரை மணி நேரம் இருந்தோம்.

வர்ஷா பாடியபோது தாட்சா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கீர்த்தனனும் அசையாமல் இருந்து கேட்டான். வரும் வழியில் அவன் சொன்னதை உங்களுக்கு எழுதச் சொன்னான்: “மாமியிட்டைச் சொல்லுங்கோ, என்ரை பாட்டை இவ்வளவு வடிவா இன்னொருத்தரும் பாடினதில்லை எண்டு.”

மனதாரத்தான் சொன்னான். இனி அவள் புதிதாக ஒன்று எழுதினால் தானே கிற்றார் வாசித்துத் தருவானாம், இந்த முறை அவளின் பெயரையும் சேர்த்துப் போடுவானாம். இதைக் கேட்டு நீங்கள் ஆறுதல் படுவீர்கள் என்று நினைத்தேன்.

அத்தானின் சுகரைக் கவனியுங்கள்.

உங்கள் தம்பி,
பாலன்


பென்டில் ஹில்
30 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். உன்னைக் கோபிக்கவில்லை, நானும் கார் நிறுத்திய பக்கம் வராமல் சுற்றித்தான் போனேன்.

கீர்த்தனன் சொன்னதை வர்ஷாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள், என்னை இரண்டு பேச்சுப் பேசுவாள் என்று காத்திருந்தேன். பேசியிருந்தால் என் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைப்பதை நிறுத்தவில்லை.

“தாங்ஸ் எண்டு சொல்லிவிடுங்கோ அம்மா” என்றாள்.

சொல்லிவிடு.

அக்கா